பூஜ்யம் எப்படி வந்தது? வட்டாட்சியர்களுக்கும் சார்பதிவாளர்களுக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் வட்டாட்சியர்களுக்கும் சார்பதிவாளர்களுக்கும்,

2024 நவம்பரில் ஒரு சாயங்காலம், என் மகளின் கைப்பேசியில் எங்கள் அப்பா நிலத்தின் பட்டாவைத் திறந்து பார்த்தோம். மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் என்று ஒவ்வொன்றாகக் கொடுத்து, செல்லுக்கு வந்த எண்ணையும் அடித்த பிறகு பக்கம் விரிந்தது. அப்பா பெயரில் இருந்த ஒரே பட்டா இரண்டாகியிருந்தது. ஒன்றில் அப்பா பெயர், பக்கத்தில் 'மகன்', அடுத்து என் அண்ணன் பெயர். இன்னொன்றில் அப்பா பெயர், 'மகன்', என் தம்பி பெயர். நானும் என் தங்கையும் எந்தப் பக்கத்திலும் இல்லை.

நடுவில் உறவைக் காட்டும் அந்த இடத்தில் 'மகள்' என்றும் வரும், 'மனைவி' என்றும் வரும். கணவர் ஊரில் நாங்கள் வாங்கிய மூன்று சென்ட் மனையின் பட்டாவில் நான் 'மனைவி'. பிறந்த ஊர்ப் பட்டாவில்தான் 'மகள்' ஆக முடியவில்லை.

சத்துணவு மையத்தில் அமைப்பாளராக 34 வருடம் பதிவேடு எழுதியவள் நான். எத்தனை குழந்தைகள் சாப்பிட்டார்கள், எத்தனை முட்டை மிச்சம் என்று தினமும் எழுதியிருக்கிறேன். ஒரு முட்டை குறைந்தால் ஆய்வுக்கு வருகிறவர்கள் என்னை உட்கார வைத்துக் கேள்வி கேட்பார்கள். இங்கே ஒரு குடும்பத்தில் இரண்டு ஆட்கள் குறைந்திருக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை.

எங்கள் வட்டத்தின் பெயரை வேண்டுமென்றேதான் எழுதவில்லை. பெயர் போட்டால் அது ஓர் அதிகாரியின் மேல் புகாராகச் சுருங்கிவிடும். இதைப் படிக்கும் பெண்கள் பலருக்கு அவரவர் வட்டத்தின் பெயரே போதும்.

விஷயத்துக்கு வருகிறேன். நிலம் 4 ஏக்கர் 20 சென்ட். தாத்தா 1951இல் இறந்து, ஒரே மகனான அப்பாவுக்கு வந்த பூர்வீகம். அப்பா 2003இல் இறந்தார். அதே வருடம் வட்டாட்சியர் அலுவலகமே கொடுத்த வாரிசுச் சான்றிதழில் ஐந்து பேர்: அம்மா, அண்ணன், நான், தங்கை, தம்பி. நான் வரிசை எண் 3. அந்தச் சான்றிதழின் நகலை இருபது வருடமாக நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறேன். 2021இல் அம்மாவும் போனார். 2024இல் அண்ணனும் தம்பியும் தங்களுக்குள் பாகப்பிரிவினைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்தார்கள். அதை வைத்து உட்பிரிவு செய்து பட்டாவும் மாறிவிட்டது.

வில்லங்கம் போட்டு, பத்திரத்தின் நகலை வாங்கிப் படித்தேன். இரண்டாம் பக்கத்தில் ஒரு வரி. சகோதரிகளுக்குத் திருமண காலத்திலேயே நகையும் சீரும் செய்து தீர்த்துவிட்டபடியால் அவர்களுக்கு மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியதையும் இல்லை என்று இருந்தது. பத்திர எழுத்தருக்கு இது மனப்பாட வரியாக இருக்கும். எனக்கு அப்படி இல்லை. யார் தீர்த்தார்கள், எப்போது தீர்த்தார்கள், தீர்ந்தது என்று நான் எங்கே கையெழுத்துப் போட்டேன்?

நகையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 1986 வைகாசியில் என் கல்யாணத்துக்கு 11 பவுன் போட்டார்கள். 1990 கோடையில் கிணறு வற்றியது. இன்னும் ஆழம் வெட்ட வேண்டும், தோட்டாவுக்கும் கூலிக்கும் பணம் இல்லை என்று அண்ணன் வந்து நின்றார். என் கணவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, இரட்டை வடச் சங்கிலியையும் நான்கு வளையலையும் கழற்றிக் கொடுத்தேன். 7 பவுன். அடகுக்குப் போனது திரும்பி வரவே இல்லை. வட்டி ஏறி ஏலத்துக்குப் போய்விட்டதாக இரண்டு வருடம் கழித்துச் சொன்னார்கள். ஆக, எனக்குச் 'செய்து தீர்த்த' நகையில் பாதிக்கு மேல் அந்தக் கிணற்றுக்குள்ளேயே கிடக்கிறது. அந்தக் கிணறு இப்போது அண்ணன் பட்டாவில் இருக்கிறது.

இதெல்லாம் குடும்பக் கதை, உங்களுக்குத் தேவையில்லை என்பீர்கள். சரி, கணக்குக்கு வருவோம்.

பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் தீர்மானம் போட்ட மாநிலம் இது. அறுபது வருடம் கழித்து 1989இல் இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு திருத்தம் கொண்டுவந்தது. நாட்டில் பல மாநிலங்கள் யோசிக்கக்கூட இல்லாதபோது பூர்வீகச் சொத்தில் மகளையும் மகனைப் போலப் பிறப்பால் பங்காளியாக்கிய திருத்தம் அது. பெருமைதான். ஆனால் அதில் ஒரு நிபந்தனை இருந்தது. 1989 மார்ச் 25க்கு முன் கல்யாணம் ஆனவளுக்கு அந்த உரிமை கிடையாது. எனக்குக் கல்யாணம் ஆகி அப்போது மூன்று வருடம்கூட முழுதாக ஆகவில்லை. தங்கைக்கு 1992இல்தான் ஆனது. ஒரே தாய் வயிற்றில் பிறந்த இருவரில் அவள் பங்காளி, நான் விருந்தாளி.

அப்புறம் 2005 செப்டம்பர் 9 முதல் நாடு முழுவதற்குமான திருத்தம் வந்தது. கல்யாணம் ஆனவள், ஆகாதவள் என்ற பேச்சே அதில் இல்லை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே பிரிந்துபோன சொத்தை மட்டும் தொட முடியாது. வீட்டைப் பிரிக்க ஆண் வாரிசுகள் மனம் வைக்கும்வரை பெண் காத்திருக்க வேண்டும் என்ற பழைய 23ஆம் பிரிவும் அதோடு போனது. சந்தோஷப்பட்டேன். 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில், 2005இல் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு இந்த உரிமை என்றது. எங்கள் அப்பா இறந்தது 2003. மறுபடியும் வெளியே வந்து நின்றேன். கடைசியாக 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு, மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் அப்பா உயிரோடு இருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று தீர்த்துவைத்தது. எனக்கு அப்போது 56 வயது. பிறப்பால் வந்த உரிமை கைக்கு வர 56 வருடம்!

இப்போது கணக்கு. 2020 தீர்ப்புப்படி அப்பா, இரண்டு மகன்கள், இரண்டு மகள்கள் ஆகிய ஐந்து பேரும் பங்காளிகள். அப்பாவின் பங்கும், அதிலிருந்து அம்மாவுக்கு வந்ததும் பிள்ளைகளுக்கே சமமாக இறங்குவதால், கடைசியில் ஆளுக்கு நாலில் ஒன்று. 420 சென்ட்டில் 105 சென்ட்.

வாதத்துக்கு, 2020 தீர்ப்பே வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு மிகவும் பாதகமான 1989 கணக்கையே போடுவோம். அப்பா, அண்ணன், தம்பி, தங்கை நால்வரும் பங்காளிகள், நான் இல்லை. அப்பாவின் பங்கு 105 சென்ட். அது அம்மாவுக்கும் நான்கு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 21 சென்ட். ஏனென்றால் இறந்தவரின் சொந்தப் பங்கில் மகளும் முதல் வகுப்பு வாரிசு, அந்த வாரிசுரிமைச் சட்டம் வந்த 1956இலிருந்தே அப்படித்தான். அம்மா போன பிறகு அவருடைய 21 சென்ட்டில் எனக்கு நாலில் ஒன்று. மொத்தம் இருபத்தாறே கால் சென்ட்.

105 என்றால் 105. இல்லை என்றால் இருபத்தாறே கால். 1956 முதல் இன்றுவரை எந்த ஆண்டுச் சட்டத்தை வைத்துக் கூட்டிக் கழித்தாலும் எனக்குப் பூஜ்யம் வரவில்லை. உங்கள் பட்டாவில் மட்டும் பூஜ்யம் எப்படி வந்தது?

தங்கைக்கு வந்த பூஜ்யம் வேறு வழியில் வந்தது. அம்மாவின் கருமாதி முடிந்த மறுவாரம் தம்பி கார் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போயிருக்கிறான். "பட்டாவுல அப்பா பேரே இருக்குக்கா, பேர் மாத்தணும், ஒரு கையெழுத்துதான்." அவளும் வாசலில் உலர்த்தியிருந்த வற்றலை அள்ளி வைத்துவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். பதிவு அலுவலகத்தில் படம் எடுத்தார்கள், கைரேகை வாங்கினார்கள். சார்பதிவாளர் நிமிர்ந்து பார்த்து, "எழுதிக் கொடுக்கறது நீங்கதானே? சம்மதம்தானே?" என்று கேட்டார். பக்கத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். "ஆமாங்க" என்றாள். அரை நிமிடம் ஆகியிருக்காது. திரும்பி வரும் வழியில் அவளுக்கு ஒரு புடவை எடுத்துக் கொடுத்தான். அவள் கையெழுத்துப் போட்டது தன் பங்கையே விட்டுக் கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பது, நான் வில்லங்கம் போட்டுப் பார்த்த அன்றுதான் அவளுக்கே தெரிந்தது. மாங்காய்க் கரை போட்ட பச்சைப் புடவை. இன்றுவரை அதை அவள் கட்டவில்லை.

அந்தச் சார்பதிவாளர் சட்டத்தை மீறினார் என்று நான் சொல்லவில்லை. எழுதிக் கொடுப்பவர் ஒப்புக்கொள்கிறாரா என்று 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் கேட்கச் சொல்கிறது, அவர் கேட்டார். சொத்து யாருக்குப் பாத்தியம் என்று தீர்மானிப்பது உங்கள் வேலை இல்லை என்பதும் தெரியும். அதை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றமே, தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55அ விதியின் ஒரு பகுதியை ரத்து செய்தபோது சொல்லிவிட்டது. தீர்ப்புச் சொல்லும்படி உங்களை நான் கேட்கவில்லை. எதில் கையெழுத்துப் போடுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியுமா என்று கேட்பதற்குத் தீர்ப்பு எதுவும் தேவையில்லையே.

என் ஆட்சேபணை மனுவுக்கு வருகிறேன். பட்டா மாறியது தெரிந்ததும் வட்டாட்சியர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அண்ணனும் தம்பியும் ஒரு கூர்ச்சீட்டை, அதாவது பாகம் பிரித்துக் கொண்டதாக வீட்டுக்குள் எழுதிய சீட்டை, எடுத்து நீட்டினார்கள். 20 ரூபாய் முத்திரைத்தாளில், அப்பா உயிரோடு இருந்த 2001இலேயே நிலத்தை இரண்டாகப் பிரித்துக் கொண்டதாக எழுதியிருந்தது. பதிவு கிடையாது. வாங்கிப் படிக்க எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். நான் பதிவேடு பார்த்தே பழகியவள், கண் நேராக நான்கெல்லைக்குப் போனது. தம்பி பாகத்துக்கு மேற்கெல்லை, 'ஆழ்துளைக் கிணற்றுக்குக் கிழக்கு' என்று இருந்தது. அந்த ஆழ்துளைக் கிணறு போட்டது 2008இல். பூஜைக்குத் தேங்காய் உடைத்ததே என் மகள்தான், அப்போது அவள் பத்தாவது படித்துக்கொண்டிருந்தாள். 2001இல் எழுதிய சீட்டுக்கு ஏழு வருடம் கழித்து வரப்போகும் கிணறு எப்படித் தெரிந்தது?

இன்னொன்றும் கேட்டேன். 2001இலேயே பிரிந்துவிட்டது என்றால், பிரிந்த சொத்தை 2024இல் எதற்கு மறுபடி பாகம் பிரித்தார்கள்? அங்கே யாரும் பதில் சொல்லவில்லை. மின்விசிறி மட்டும் சத்தம் போட்டது. 2005 திருத்தத்தில் பாகப்பிரிவினை என்றாலே பதிவான பத்திரம் அல்லது நீதிமன்றத் தீர்ப்பாணை என்று எழுதிவைத்ததும், வாய்மொழிப் பிரிவினையை அரிதாக, அரசு ஆவணங்களின் ஆதாரம் இருந்தால்தான் ஏற்கலாம் என்று 2020 தீர்ப்புச் சொன்னதும் இப்படிப்பட்ட சீட்டுகளுக்காகத்தான்.

மூன்று வாரம் கழித்து உத்தரவு வந்தது. சொத்துரிமை குறித்த பிரச்சினை என்பதால் மனுதாரர் உரிமையியல் நீதிமன்றத்தை அணுகவும் என்று ஒரே வரி. அந்த ஒரு வரிதான் இந்த மடலை எழுத வைத்தது.

தகராறு என்றால் நீதிமன்றத்துக்குப் போகச் சொல்வது முறைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த முறை அண்ணனுக்கும் தம்பிக்கும் ஏன் சொல்லப்படவில்லை? உங்கள் அலுவலகம் கொடுத்த வாரிசுச் சான்றிதழில் ஐந்து பேர். உங்கள் அலுவலகம் மாற்றிய பட்டாவில் இரண்டு பேர். மீதிப் பேர் எங்கே என்று கேட்காமலேயே அவர்களுக்கு மாற்றிக் கொடுத்தீர்கள். நான் வந்து கேட்டதும் நீதிமன்றம் ஞாபகம் வருகிறது. 1983ஆம் ஆண்டின் பட்டா பாஸ் புத்தகச் சட்டம், பதிவை மாற்றும் முன் சம்பந்தப்பட்டவர்கள் தங்கள் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்கச் சொல்கிறது. எனக்கு ஒரு அஞ்சலட்டைகூட வரவில்லை. ஏன் அறிவிப்புக் கொடுக்கவில்லை என்று கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டேன். "கட்டிக் கொடுத்த பொண்ணுங்களை எங்கம்மா போய்த் தேடறது?" என்றார். எங்கள் ஊருக்கும் என் வீட்டுக்கும் இடையே 14 கிலோமீட்டர். பேருந்து இருக்கிறது.

பட்டா உரிமை ஆவணம் இல்லையே, அதில் பெயர் இல்லாவிட்டால் என்ன என்று உங்களில் சிலர் நினைக்கலாம். அந்த ஒரு தாளால் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகிறது என்று பாருங்கள். பட்டாவை வைத்து வங்கியில் கடன் வாங்கலாம், நிலத்தை விற்கலாம், பயிர் நிவாரணம் வாங்கலாம். பாகம் கேட்டு வழக்குப் போடும்போது, சொத்தைக் கூட்டாக அனுபவிக்கிறேன் என்று காட்ட முடிந்தால் நீதிமன்றக் கட்டணம் ஒரு நிலையான தொகை. வெளியே தள்ளப்பட்டவள் என்றால் என் பங்கின் சந்தை மதிப்பின் மேல் கட்டணம். பட்டா அவர்கள் பெயரில் இருக்கும்போது நான் எதை வைத்துக் கூட்டு அனுபவத்தைக் காட்டுவது? அதோடு, விலக்கி வைத்தது தெரிந்த நாளிலிருந்து 12 வருடம்தான் கெடு. எனக்கு அந்தக் கடிகாரம் 2024 நவம்பரிலேயே ஓடத் தொடங்கிவிட்டது.

நீதிமன்றம் என்றால் எத்தனை வருடம் என்பதற்கு நம் மாநிலத்து வழக்கே இருக்கிறது. 1949இல் இறந்த ஒருவரின் சுயசம்பாத்தியம் அவருடைய ஒரே மகளுக்குச் சேருமா என்ற கேள்விக்கு, அருணாசல கவுண்டர் வழக்கில், சேரும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2022 ஜனவரியில். அந்த மகள் அதற்குப் பல வருடம் முன்பே இறந்துபோயிருந்தார்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். அண்ணன் கெட்டவர் இல்லை. அப்பா பக்கவாதத்தில் கிடந்த ஒன்றரை வருடமும் தூக்கி உட்கார வைத்தது அவரும் அண்ணியும்தான். என் மகள் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி அவருடையதுதான். அவர் வந்து, "நான் பார்த்துக்கிட்டேன், உன் பங்குல கொஞ்சம் விட்டுக் குடும்மா" என்று கேட்டிருந்தால் பாதியைக் கொடுத்திருப்பேன். முழுசாகவே கொடுத்திருந்தாலும் கொடுத்திருப்பேன், என் சுபாவம் எனக்குத் தெரியும். பிறந்த வீட்டு வாசல் அடைந்துவிடுமே என்ற பயத்தில் இருபது வருடம் வாயைத் திறக்காமல் இருந்ததும் நான்தான். அந்தத் தப்பு என்னுடையது.

ஆனால் விட்டுக் கொடுப்பது என் வேலை. என்னுடையது என்று முதலில் எழுத்தில் இருந்தால்தான் நான் விட்டுக் கொடுக்க முடியும். எனக்காக அதை விட்டுக் கொடுக்க அலுவலகத்துக்கு யார் அதிகாரம் கொடுத்தது?

அதனால் கேட்கிறேன்.

வட்டாட்சியர்களே, பட்டாதாரர் இறந்த பிறகு வரும் எந்தப் பட்டா மாறுதல் மனுவிலும் வாரிசுச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அதில் ஐந்து பெயர் இருந்து மனுவில் இரண்டு பெயர் இருந்தால், மீதி மூன்று பேர் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். ஒவ்வொரு வாரிசுக்கும் அவர்கள் இப்போது வசிக்கும் முகவரிக்கே தபாலில் அறிவிப்புப் போக வேண்டும். அண்ணன் வீட்டு விலாசத்துக்குத் தங்கையின் அறிவிப்பை அனுப்பிக் கையெழுத்து வாங்கும் வழக்கத்தை நிறுத்துங்கள். யாராவது ஆட்சேபித்தால், வழக்குத் தீரும்வரை எல்லா வாரிசுகளின் பெயரிலும் கூட்டுப் பட்டாவாக வையுங்கள். நீதிமன்றத்துக்குப் போகும் சுமை எப்போதும் மகள் தலையிலேயே விழ வேண்டாம்.

பதிவாகாத கூர்ச்சீட்டை வைத்து உத்தரவு போடாதீர்கள். குறைந்தபட்சம் நான்கெல்லையையாவது படித்துப் பாருங்கள்.

சார்பதிவாளர்களே, ஒரு பெண் தன் உடன்பிறந்தவர்களுக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுக்க வந்தால், அழைத்து வந்தவர்களை ஐந்து நிமிடம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். இத்தனை சென்ட், இத்தனை மதிப்பு, இதற்குப் பிறகு உங்களுக்கு இதில் எதுவும் இல்லை, தெரிந்துதான் தருகிறீர்களா என்று கேளுங்கள். தெரிந்து தருகிறவர் தாராளமாகத் தரட்டும். 'சகோதரிகளுக்குப் பாத்தியதை இல்லை' என்று எழுதிய பாகப்பிரிவினை வந்தால், பதிவு செய்யும் அன்றே அதன் நகல் ஒன்றை வட்டாட்சியருக்கு அனுப்பி, இதில் வேறு வாரிசுகள் இருப்பதாகப் பத்திரமே சொல்கிறது என்று குறிப்பு எழுதுங்கள். அந்த வரி எங்களை வெளியேற்ற எழுதியதுதான். ஆனால் நாங்கள் இருக்கிறோம் என்பதற்கு அதுவே சாட்சி.

வருவாய்க் கோட்டாட்சியரிடம் என் மேல்முறையீடு நிலுவையில் இருக்கிறது. அதில் நான் கேட்பது அந்த இரண்டு பட்டாக்களையும் ரத்து செய்து, 2003 வாரிசுச் சான்றிதழில் உயிரோடு இருக்கும் நால்வரில் விடுதலைப் பத்திரம் எழுதாத மூவரின் பெயரிலும் ஒரே கூட்டுப் பட்டா. தங்கையின் பத்திரத்தை எதிர்த்து அவளே தனியாக வழக்குப் போடுகிறாள். அடுத்த விசாரணைக்கு அந்தக் கூர்ச்சீட்டின் அசலை வரவழைக்க வேண்டும் என்றும் மனுவில் எழுதியிருக்கிறேன். நான் நேரில் வருகிறேன். அறிவிப்பை என் வீட்டு முகவரிக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
2003ஆம் ஆண்டு வாரிசுச் சான்றிதழின் வரிசை எண் 3